தயிரும் மோரும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி மோரை விட்டு மூடிவைத்தால் மறுநாட் காலையில் அது தயிராக உறைந்திருக்கும். அந்த ஒரு கரண்டி மோருக்கு நம்மவர் உறைமோர் என்றும் பிரைமோர் என்றும் பெயரிட்டுள்ளனர். திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் தெலுங்கு பேசும் இல்லங்களிலோ அதற்குத் தோடு என்று பெயர். அத்தெலுங்குச் சொல்லுக்குத் துணை என்பது பொருள். பாலுக்குத் துணையாகச் சென்று அதனைத் தயிராக்குவன கண்ணுக்குத் தெரியாத உயிர்களே என்பது அப்பெயரை இட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனினும் பெயர் மிகவும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அத்துணை மனிதருடைய வயிற்றுக்குள் சென்றபின் யாதாகிறது, அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு எவ்வாறு பழகுகிறது, அதனால் நமக்கு விளையும் நன்மை எவ்வளவு என்பனவே இப்பாடத்தில் ஆராயப்படும் பொருள்கள்.

இது வைத்தியர்கள் மட்டும் கற்கவேண்டிய விஷயம் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, திருவிழாக் கூட்டத்துக்கு வழங்கும் நீர்மோர், கறவை மாட்டுக்கு ஊசி போட்டபின் பாலை விற்பதா கூடாதா என்னும் கேள்வி ஆகிய மூன்றும் இதனோடு பின்னிக் கிடக்கின்றன. மூன்றும் நாள்தோறும் நம் ஊர்களில் எழுபவை.

தொண்டை மண்டலத்துக்குத் தயிர் நேற்று வந்த பொருளன்று. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வைகறையில் தயிர் கடைந்து, மோர்ப் பானையைத் தலையில் சுமந்து ஊருக்குள் சென்று, மோரைத் தானியத்துக்கு மாற்றிவரும் ஆயர் மகள் ஒருத்தியைக் காண்கிறோம். அவள் நெய்யை விற்றுப் பொன் வாங்குவதில்லை. அந்த விலைக்கு எருமையும் பசுவும் வாங்குகிறாள். இன்றைய பால் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அவளுடைய கணக்கைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்கலாம். நம் வைத்திய நூல்களும் தயிரைவிட நன்கு கடைந்து நீர் பெருக்கிய மோரையே விசேஷமாகப் போற்றுகின்றன. 1953-ல் ஆந்திர இராஜ்யம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்ற திருத்தணி, படாஸ்கர் பரிந்துரையின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. எல்லைக் கோடு எப்படி நகர்ந்தாலும் இருபுறத்து உணவு முறையும் ஒன்றாகவே இருந்து வந்தது. கேழ்வரகுக் களி, கூழ், நீர்ச்சோறு, அவற்றோடு மோர் என்பதே உழவர் உணவு. இந்தச் சேர்க்கையில் எவ்வளவு நுட்பம் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பால் தயிராவது எவ்வாறு

பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கரை முதல் ஐந்து பங்கு பால்சர்க்கரை உண்டு. இதனை விஞ்ஞானிகள் லாக்டோஸ் என்பர். உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் இச்சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் மிதந்துகொண்டிருக்கும் கேசீன் என்னும் புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலைபோல் இறுகுகிறது. அவ்வலைக்குள் நீரும் கொழுப்பும் அகப்பட்டு நிற்பதையே உறைதல் என்கிறோம். இந்தப் புளிப்பேறுதல் உயிர்களின் செயலே என்பதை 1857-ல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார்.

1905-ல் பல்கேரியா நாட்டு மருத்துவ மாணவராகிய ஸ்டாமன் கிரிகோராவ், தம் ஊர்த் தயிரிலிருந்து கோல் வடிவமான ஒரு பாக்டீரியாவை இனங்கண்டார். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்காப் இச்செய்தியை ஆவலோடு பற்றிக்கொண்டார். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளின் நஞ்சே மூப்புக்குக் காரணம் என்றும், புளித்த பாலை உண்டால் அதிலுள்ள நற்கிருமிகள் குடலில் குடியேறி அவற்றை விரட்டும் என்றும் அவர் எழுதினார். நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர் ஆதலால் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுந்திருந்தது. ஐரோப்பாவெங்கும் புளித்த பால் விற்பனை பெருகியது. ஆனால், 1921-ல் அமெரிக்காவில் ரெட்கர், செப்ளின் என்ற இருவர் சோதித்துப் பார்த்தபோது, அந்தப் பல்கேரியக் கோலுயிர் மனிதர் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று தெரிந்தது. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காகச் சோதனையை விட்டுவிடாமல் இருந்ததே விஞ்ஞானத்தின் சிறப்பு. இன்றும் சில புட்டிகளின்மேல் அச்சிட்டிருக்கும் வாசகங்கள் 1908-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டனபோல் காணப்படுகின்றன!

நம் வீட்டுத் தயிரில் வாழும் உயிர்கள் தொழிற்சாலைத் தயிரில் உள்ளவற்றினின்றும் சற்று வேறுபட்டவை. ஐரோப்பிய முறைத் தயிரில் குறிப்பிட்ட இரண்டு இனங்களே சேர்க்கப்படும். வீட்டு உறைமோரிலோ லாக்டோகாக்கஸ், லாக்டோபாசில்லஸ், லியூகோநாஸ்டாக் முதலிய பல இனங்கள் கலந்து, வீட்டுக்கு வீடும் பருவத்துக்குப் பருவமும் மாறிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுத் தயிர் நம் வீட்டுத் தயிரைப்போல் இராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏரியும் ஒரு குடம் நீரும்

மனித உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையை 2016-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் புதிதாகக் கணக்கிட்டனர். ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்பது அவர்கள் கண்ட தொகை. எடையில் இது சுமார் 200 கிராம்தான். இனி, நல்ல தயிரில் கிராம் ஒன்றுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிண்ணம், அதாவது 100 கிராம் தயிரில் ஆயிரம் கோடி வரும். பெருந்தொகைதான், ஆயினும் குடலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் 3,800-ல் ஒரு பங்கே ஆகிறது. அதிலும் இரைப்பையின் அமிலத்திலும் பித்த நீரிலும் அகப்பட்டு ஒரு பகுதி மடிந்துவிடும். ஏரியில் ஒரு குடம் நீரை ஊற்றி ஏரியின் நிறத்தை மாற்ற முடியாதன்றோ? தயிர் உண்டால் குடலே புதிய கிருமிகளால் நிரம்பிவிடும் என்னும் எண்ணம் இக்கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

அங்ஙனமாயின் தயிரால் பயன் இல்லையோ எனில், உண்டு. அது வேறு வழியில் வருகிறது.

முதலாவது, பால்சர்க்கரையைச் சீரணிக்க உதவுதல். பால் குடிக்கும் பருவத்தில் நம் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி நிறையச் சுரக்கிறது. வளர்ந்தபின் பலருக்கு அது குறைந்துவிடும். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடையே இக்குறை மிகுதி. சீரணமாகாத பால்சர்க்கரை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்புதல், இரைச்சல், கழிச்சல் ஆகியன விளைகின்றன. பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, மோர் ஒத்துக்கொள்ளும் என்று முதியோர் கூறுவதன் மர்மம் இதுதான். 1984-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில், லாக்டேஸ் குறைவுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவு பால்சர்க்கரையைப் பாலாகவும் தயிராகவும் கொடுத்து, அவர்கள் மூச்சில் வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவை அளந்தார்கள். தயிர் உண்டபோது வாயு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தயிர்ப் பாக்டீரியா தன் உடலுக்குள்ளேயே லாக்டேஸைக் கொண்டுசெல்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அதன் உறை தளர்ந்ததும் நொதி வெளிப்பட்டு, நம் குடல் செய்யத் தவறிய வேலையைச் செய்கிறது. இந்தத் துணை தான் அழிந்தும் உதவுகிறது என்று கூறலாம். கொதிக்க வைத்த மோர்க்குழம்பில் இப்பயன் கிட்டாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மட்டும் கிட்டும். சூடான சோற்றில் தயிரைக் கொட்டிப் பிசைவதைவிடச் சோறு ஆறியபின் பிசைவதே இக்காரணத்தால் நன்று.

இரண்டாவது, குடலின் பழங்குடிகளுக்கு வேலை கொடுத்தல். தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் குடலில் தங்குவது சில நாள்களே. வழிப்போக்கர் சத்திரத்தில் தங்கிச் செல்வது போன்றது அது. ஆயினும் வழிப்போக்கர் வந்தால் ஊர்ச் சந்தையில் வியாபாரம் நடக்கிறதல்லவா? 2011-ல் வெளியான ஒரு சோதனையில் ஏழு இரட்டைச் சகோதரியர் இணைகளுக்கு ஐந்து வகைப் பாக்டீரியாக்கள் கலந்த புளித்த பாலை ஏழு வாரங்கள் கொடுத்தனர். அவர்கள் குடலிலிருந்த இனங்களின் விகிதம் குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. ஆனால், மனிதக் குடல் பாக்டீரியாக்கள் 15 இனங்களை மட்டும் வாழவிட்ட எலிகளுக்கு அதே ஐந்தையும் கொடுத்தபோது, அப்பாக்டீரியாக்களின் வேலை மாறிற்று. தாவர உணவின் மாவுப் பொருள்களைச் சிதைக்கும் திறனில் மாறுதல் உண்டாயிற்று. குடிமக்கள் மாறவில்லை, தொழில் மாறியது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், நோயற்ற 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நார்ச்சத்து மிக்க உணவையும் மற்றொரு பிரிவினருக்குத் தயிர் முதலிய புளித்த உணவுகளையும் பத்து வாரங்கள் கொடுத்து வந்தனர். புளித்த உணவை உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. உடலில் அழற்சியைக் காட்டும் புரதங்களில் 19 வகை குறைந்தன. வியப்பு யாதெனில், புதிதாகத் தோன்றிய வகைகளில் பெரும்பகுதி அவ்வுணவில் இருந்தவை அல்ல. எங்கிருந்தோ வந்தவையாகவோ, முன்பே மிகச் சிறு அளவில் மறைந்திருந்தவையாகவோ இருக்கவேண்டும். சோதனைக்கு உட்பட்டோர் சிலரே என்பதையும், அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு முறை புளித்த உணவை உண்டனர் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு வேளை மோர்ச்சோறு உண்டுவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது பொருந்தாது.

வேலூர் தந்த பாடம்

திருத்தணிக்கு மேற்கே அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை இங்கே விரிவாகக் கூறுதல் தகும். நம் நீர்ச்சோற்றின் பெருமையை அறிவதற்கு அது பெரிதும் துணைசெய்கிறது. அதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின. காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு பிரிவினருக்கு அதனோடு அரிசி மாவு. மூன்றாம் பிரிவினருக்கு அதனோடு, சிறுகுடலில் எளிதில் சீரணமாகாத ஒருவகைச் சோள மாவுப் பொருள், லிட்டருக்கு 50 கிராம் வீதம். இம்மூன்றாம் பிரிவினருக்கே கழிச்சலின் அளவும் காலமும் குறைந்தன.

காரணம் என்ன? சீரணமாகாத மாவுப் பொருள் அப்படியே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை உண்டு பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு இவ்வமிலமே முதன்மையான உணவு. அவை வலுப்பெற்றால் உப்பையும் நீரையும் உடலுக்குள் ஈர்த்துக்கொள்கின்றன. அதாவது, குடல் பாக்டீரியாக்களுக்கு இரை கொடுத்ததால் நோயாளியின் உடலில் நீர் தங்கிற்று.

இத்தகைய மாவுப் பொருள் வெளிநாட்டுச் சோளத்தில் மட்டும் இருப்பதன்று. வடித்த சோற்றை ஆறவிட்டால் அதிலுள்ள மாவுப் பொருளின் ஒரு பகுதி இறுகி, எளிதில் சீரணமாகாத வகையாக மாறிவிடுகிறது. கேழ்வரகின் தவிட்டிலும் பயறு வகைகளிலும் நார்ப்பொருள் நிறைய உண்டு. ஆகவே நீர்ச்சோற்றில் மோர் விட்டு உண்ணும்போது, பழங்குடிகளுக்கு இரையையும் அவற்றோடு கூடி உழைக்கும் வழிப்போக்கரையும் ஒரே கலத்தில் அனுப்புகிறோம். தயிர்ப் பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தையே இரையாகக் கொண்டு பியூட்டிரேட் செய்யும் இனங்களும் பெருங்குடலில் உள்ளன. கூழையும் களியையும் கைவிட்டுவிட்டு மோரை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பயனே கிட்டும் என்பது என் கருத்து.

குழந்தைகளுக்கு எவ்வளவு உதவும்

நம் நாட்டில் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் உள்ளன. ஜப்பானிய அறிஞர் ஷிரோட்டா 1930-ல் பிரித்தெடுத்த பாக்டீரியா கலந்த புளித்த பால்பானத்தைக் கல்கத்தா நகரின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றில் 1 முதல் 5 வயதுள்ள 3,758 குழந்தைகளிடையே சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அப்பானம், பாதிப் பேருக்கு அப்பாக்டீரியா இல்லாத சத்துப்பானம், 12 வாரங்கள். மேலும் 12 வாரங்கள் கவனித்தார்கள். பாக்டீரியா உண்ட பிரிவில் 608 குழந்தைகளுக்கும் மற்றப் பிரிவில் 674 குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைவு என்பது முடிவு, 2011-ல் வெளியாயிற்று. பதினான்கு என்பது இகழத்தக்கதன்று. ஆனால், அதே எண்கள் வேறொன்றையும் சொல்கின்றன: பானம் அருந்தியும் 608 பேருக்கு நோய் வந்தே தீர்ந்தது. தூய குடிநீரும் கழிப்பறையும் செய்யவேண்டிய வேலையைப் புட்டியோ தயிர்க் கிண்ணமோ செய்யமாட்டாது.

இரண்டாவது, ஒரிஸாவின் சிற்றூர்களில் பிறந்த 4,556 சிசுக்களிடையே நடந்தது, 2017-ல் வெளியாயிற்று. ஒருவகை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவையும் அதற்கு இரையாகும் சர்க்கரைப் பொருளையும் சேர்த்துப் பிறந்த சில நாள்களிலேயே ஒரு வாரம் கொடுத்தனர். இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவுதலோ இறப்போ நேர்ந்தது நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. இது மருத்துவர் மேற்பார்வையில், தேர்ந்தெடுத்த ஒரே இனத்தைக் கொண்டு, தாய்ப்பால் உண்ணும் சிசுக்களுக்குச் செய்தது. இதைக் கேள்வியுற்று யாரும் பச்சைச் சிசுவுக்கு மோரைப் புகட்டிவிடலாகாது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் கூடாது. தாய்ப்பாலில், குழந்தையால் சீரணிக்க முடியாத சில சர்க்கரைகள் உள்ளன. அவை குழந்தைக்காக அமைந்தவை அல்ல. அதன் குடலில் வளரும் பிபிடோ பாக்டீரியாக்களுக்காக அமைந்தவை! இயற்கை தாயின் மார்பிலேயே குடல் உயிர்களுக்கும் உணவு வைத்திருக்கிறது.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், நம் ஊர்களில் பாலையும் தயிரையும் சோற்றையும் ஒருங்கே நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. இவ்வழக்கத்தால் குழந்தை நோயோடு பட்டினியையும் சேர்த்து அனுபவிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை இதற்கு நேர்மாறானது. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைத்தால் அதுவே முதன்மை. அதனோடு வீட்டில் கொடுக்கத்தக்க பானங்களுள் உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் உப்பிட்ட மோரும் அடங்கும். உணவை நிறுத்தலாகாது. கழிச்சல் பதினான்கு நாள்களுக்குமேல் நீடித்தால், மாட்டுப்பாலுக்குப் பதிலாகத் தயிரைக் கொடுப்பது நல்லது. புண்பட்ட குடல் பால்சர்க்கரையைத் தாங்காது என்பதை மேலே கண்டோம். இதனோடு துத்தநாக மாத்திரையும் தரவேண்டும். கண் குழிதல், மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியன கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரைவதே கடமை. அப்போது மோரை நம்பி இருந்துவிடுவது ஆபத்து.

இனி மருந்து பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சல் கண்டவுடன் கடையில் நான்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை வாங்கி விழுங்குவது பெருகிவிட்டது. இம்மருந்துகள் நோய்க் கிருமியோடு குடலின் பழங்குடிகளையும் சேர்த்து அழிக்கின்றன. பயிரில் பூச்சி கண்டதென்று வயல் முழுவதும் மருந்தடித்துப் பொறிவண்டையும் சிலந்தியையும் கொல்லும் உழவர் இதனை எளிதில் உணர்வர். இம்மருந்து உண்ணும் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 500 கோடியும் அதற்கு மேலுமாக நற்பாக்டீரியாக்களை மருந்து வடிவில் கொடுத்தால், அதனால் வரும் கழிச்சல் குறைகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் 2019-ல் தெரிவித்தனர். ஆயினும் 2018-ல் இஸ்ரேலில் நடந்த சோதனை ஒன்று, மருந்துக்குப்பின் அத்தகைய பாக்டீரியாக்களை உண்டவர்களுக்குப் பழங்குடிகள் திரும்பிவரத் தாமதமாயிற்று என்று காட்டுகிறது. வெற்றிடத்தில் அயலார் முந்தி அமர்ந்துவிட்டால் உரியவர் வர இடம் ஏது? ஆகவே, தேவையின்றி அம்மருந்தை உண்ணாதிருப்பதே முதல் காப்பு. மருத்துவர் கொடுத்தால் முறைப்படி முழுவதும் உண்ணவேண்டும். அப்போது மோர் அருந்தலாம். ஆனால் டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் வகைகளோடு தயிரையும் பாலையும் சேர்த்து உண்டால் அவற்றின் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும்.

நீர்மோர்ப் பந்தலும் பஞ்சாயத்தும்

கோடையிலும், ஆடிக் கிருத்திகையிலும், டிசம்பர் 31-ஆம் நாள் இரவு நடைபெறும் திருப்படித் திருவிழாவிலும் திருத்தணி மலைக்கு வரும் மக்கள் தொகையைச் சொல்லவேண்டுவதில்லை. 365 படிகளையும் ஏறி இறங்குவோருக்கு நீரும் மோரும் வழங்குவது சிறந்த அறம். ஆனால், நீர்மோரில் மோரைவிட நீரே மிகுதி. ஒரு பங்கு தயிருக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்தால், பருகுவது பெரும்பாலும் அந்த ஊர்த் தண்ணீரே. மோர் புளிப்பானது, கிருமி வாழாது என்று எண்ணுவோர் உளர். கட்டித் தயிரின் புளிப்புக்கு அந்த ஆற்றல் ஓரளவு உண்டு. நீர் பெருக்கிய மோருக்கு அந்த நம்பிக்கையை வைக்கலாகாது. காலராவும் சீதபேதியும் நீர் வழியே வருபவை. ஒரு பந்தலில் நேரும் கவனக்குறைவு, காவடி எடுத்து வந்தவர்களோடு இரு மாநிலங்களின் ஊர்களுக்கும் பரவும்.

செய்யவேண்டிய முறை எளியது. குளோரின் இடுவதானால் தயிர் சேர்க்கும் முன்பே நீரில் இடவேண்டும். மோர் கலந்தபின் பிளீச்சிங் பவுடரை இட்டால், மோரிலுள்ள புரதமும் கொழுப்பும் குளோரினை விழுங்கிவிடும், கிருமி பிழைத்துக்கொள்ளும். நீரில் இட்டு அரை மணி நேரம் கழிந்தபின், எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்த்துக்கொள்ளவேண்டும். பவுடர் பழையதானால் வீரியம் குன்றியிருக்கும். ஆதலால் கரண்டிக் கணக்கை நம்பாமல் சோதனையை நம்புவதே முறை. இவ்வளவு சிறு குளோரின், பின்னர்ச் சேரும் தயிரின் உயிர்களுக்குத் தீங்கு செய்யாது. அண்டாவில் குவளையை முக்கி எடுப்பதைத் தடுத்து, குழாய் பொருத்திய பாத்திரத்திலிருந்து வழங்கவேண்டும். கருவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி, பச்சைமிளகாய் ஆகியவற்றையும் அதே தூய நீரில் கழுவவேண்டும். ஐஸ் கட்டி வாங்கிப் போடுவோர் அது எந்த நீரில் உறைந்தது என்று கேட்பதில்லை. மீன் பெட்டிக்கு ஆகும் ஐஸ் வேறு, வாய்க்கு ஆகும் ஐஸ் வேறு.

வீட்டிலும் கொட்டகையிலும்

உறைவிடும் பாலைக் கட்டாயம் காய்ச்சவேண்டும். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும், மாடுகளுக்குக் கருச்சிதைவையும் மனிதருக்கு விடாக் காய்ச்சலையும் உண்டாக்கும் புரூசெல்லாவும் இருக்கக்கூடும். தயிராவதால் அவை மடிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் தயிரை வைத்தால் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். மண்பானையும் எவர்சில்வரும் ஏற்றவை. தயிரில் நுரை பொங்கினாலும், நூல் இழுத்தாலும், துர்நாற்றம் வீசினாலும் கெட்ட கிருமி புகுந்துவிட்டது என்று அறிந்து, அதை உறைக்கும் பயன்படுத்தாமல் கொட்டிவிட்டு, நல்ல தயிர் உள்ள இல்லத்திலிருந்து புதிய உறைமோர் வாங்கவேண்டும். உறைமோரை இரவல் கேட்பதில் நம் ஊர்களில் என்றும் வெட்கம் இருந்ததில்லை.

விலை உயர்ந்த பானங்களைப் பற்றியும் கேட்கிறார்கள. ஓர் உணவைப் புரோபயாட்டிக் என்று அழைக்கவேண்டுமாயின், அதிலுள்ள இனம் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும், அதன் பயன் மனிதரிடம் சோதித்து நிறுவப்பட்டிருக்கவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2011-ல் நெறிமுறை வகுத்தன. அந்த அளவுகோலால் நம் வீட்டுத் தயிர் புரோபயாட்டிக் ஆகாது. ஆனால் அது நல்ல உணவு. நோயற்ற உழவர் குடும்பம் அப்பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. தீவிர நோயால் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்கள் மட்டும், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய எதனையும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும். இரத்த அழுத்தம் உள்ளோர் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

கடைசியாக, கறவை வைத்திருப்போர் அறியவேண்டிய ஒன்று. நல்ல பால், நல்ல உறைமோர், போதிய வெப்பம் எல்லாம் இருந்தும் சில நாள்களில் பால் உறைவதில்லை. கண் பட்டுவிட்டது என்று சில வீடுகளில் மிளகாய் சுற்றிப் போடுவதுண்டு. அதற்கு முன், மாட்டுக்கு மடிநோய் கண்டு ஊசி போட்டார்களா என்று விசாரிப்பது நல்லது. பென்சிலின் போன்ற மருந்து பாலில் கசிந்துவந்தால், மிகச் சிறு அளவாயினும் உறைமோரின் பாக்டீரியாக்களை முடக்கிவிடும். பாத்திரத்தில் அவற்றுக்கு நேர்ந்ததே அப்பாலைத் தொடர்ந்து அருந்துவோர் குடலிலும் ஓரளவு நேரலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அது இடம் கொடுக்கும். கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் முடியும்வரை அம்மாட்டின் பாலை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாகாது, சங்கத்துக்கும் ஊற்றலாகாது. ஒரு மாட்டின் பால் சங்கத்தின் பெருங்கலத்தில் கலந்தால் ஊர்ப் பால் முழுவதும் பழுதாகும். அந்தச் சில நாள்களின் நஷ்டத்தை ஏழை விவசாயி ஒருவரே தாங்கவேண்டியிருப்பதால்தான் விஷயம் மறைக்கப்படுகிறது. சங்கம் ஒரு சிறு நிதி ஒதுக்கி அந்நாள்களின் விலையில் ஒரு பகுதியைக் கொடுக்குமானால், மறைக்கவேண்டிய காரணமே இராது. அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம்.